பிரானூர் பார்டர்: எந்த நாட்டு எல்லை?

கேள்வி, 8 ஜூன் 2024

"குற்றாலத்துக்கு வந்தோம். பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு, 'அப்படியே கேரளாவுக்குள் ஒரு எட்டு நடந்துவிட்டு வரலாமா' என்று கடைக்காரரைக் கேட்டால் சிரிக்கிறார். செங்கோட்டை தாண்ட வேண்டுமாம், புளியரை தாண்ட வேண்டுமாம், அப்புறம் மலை ஏற வேண்டுமாம். பிறகு எதற்கு அது பார்டர்? பரோட்டா விற்க வைத்த பெயர்தானே?"

8 ஜூன், இரவு

பரோட்டாவுக்கு முன்னாலேயே அங்கே எல்லை இருந்தது. செங்கோட்டை ராஜா ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானம், தென்காசி வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணம், நடுவில் பிரானூர். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையை இந்தப் பக்கம் சேர்த்தார்கள். எல்லை மேற்கே நகர்ந்து மலைமேல் கோட்டைவாசலுக்குப் போய்விட்டது. பெயரை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். தூங்கப் போகிறேன்.

9 ஜூன், காலை

அவ்வளவுதான் இல்லை. நேற்று அவசரத்தில் 1956 வரைக்கும் திருவிதாங்கூர் என்பது போல எழுதிவிட்டேன். 1949 ஜூலை 1-லேயே திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திரு-கொச்சி ஆகிவிட்டது. செங்கோட்டை அதில் கொல்லம் மாவட்டத்துத் தாலுகா. ஆனால் ஊரில் ஒருவர் வாயிலிருந்தும் 'திரு-கொச்சி' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. 'ராஜா காலத்துல' என்பார்கள், அதற்கடுத்தது 'தமிழ்நாட்டோட சேந்த பெறகு'. நடுவிலிருந்த ஏழு வருஷத்துக்கு ஊர்ப்பேச்சில் இடமே கிடையாது.

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆராய்ச்சியாளன் இல்லை. 1963-ல் பிறந்தவன். அப்பா பார்டரில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதினார். நான் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பரோட்டாக் கடை எதிலும் பங்கு கிடையாது.

9 ஜூன், மதியம்

தென்காசியிலிருந்து போனால் செங்கோட்டையின் முகப்பில் ஒரு பழைய வளைவு வரும். பஸ்ஸில் வலது பக்கமோ இடது பக்கமோ உட்காருங்கள், தலையை மட்டும் நிமிர்த்திப் பாருங்கள். மேலே ஒரு சங்கு. சின்ன வயதில் அது பெருமாள் கோயில் வளைவு என்றே நினைத்திருந்தேன். உள்ளே போனால் பெருமாளைக் காணோம், பஸ் ஸ்டாண்டு வந்துவிடுகிறது. வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அது திருவிதாங்கூர் அரசு முத்திரை. அந்த நாட்டுத் தபால் தலையில் சங்கு, முத்திரைத்தாளில் சங்கு. நாடு போய்விட்டது, சங்கு இருக்கிறது.

11 ஜூன்

'எல்லை என்றால் முள்வேலியா, போலீஸா' என்று ஒரு கேள்வி.

சுங்கச்சாவடி. என் ஆச்சி அதைச் 'சவுக்கை' என்பாள். ஆச்சி செங்கோட்டைக்காரி, தென்காசியில் வாக்கப்பட்டவள். கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர். ஆனாலும் 'வெளிநாட்டுல கட்டிக் குடுத்துட்டாவ' என்று கேலி பண்ணுவார்களாம். பிறந்த வீட்டுக்குப் போகும்போது மாட்டுவண்டியைச் சவுக்கையில் நிறுத்தி மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியது புகையிலை. திருவிதாங்கூரில் புகையிலைக்குத் தீர்வை அதிகம். ஆச்சியின் அப்பாவுக்கோ தென்காசிக் கடைப் புகையிலைதான் வேண்டும். கைக்குழந்தையைத் துணியில் சுற்றுவது போல நாலு சுற்றுச் சுற்றி, சுற்றுக்கு ஒரு பட்டை புகையிலை வைத்துக் கொண்டுபோனதாக ஆச்சி சொல்வாள். அந்தக் கைக்குழந்தை என் அப்பா. 'பிறந்த ஆறாம் மாசமே கடத்தல் தொழிலுக்கு வந்துட்டாரு' என்று சித்தப்பா சொன்னால் அப்பாவுக்கு அப்படி ஒரு கோபம் வரும்.

பணமும் வேறு. அங்கே சக்கரம். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய். ஆச்சி கடைசிவரை கணக்கைச் சக்கரத்தில் போட்டுத்தான் ரூபாய்க்கு மாற்றுவாள்.

12 ஜூன்

திருத்தம். இருபத்தெட்டு சக்கரம் என்பது திருவிதாங்கூரின் சொந்த ரூபாய்க்கு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. சித்தப்பாதான் போனில் பிடித்துக்கொண்டார். 'அந்த அரைச் சக்கரத்துக்கு எங்க ஆத்தா அந்தக் கடைக்காரன்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கா, நீ அத முழுங்கிட்டியேல' என்றார்.

12 ஜூன், இரவு

இன்னொரு திருத்தம், இது என் வாசிப்பில் தட்டுப்பட்டது. 'சவுக்கை 1956 வரை' என்று என் மனதில் ஒரு எண்ணம். அது இருக்க வழியில்லை. 1950 ஏப்ரல் 1-லேயே சமஸ்தானங்களின் சுங்கம், தபால் போன்ற வருமானத் துறைகள் மத்திய அரசுக்குப் போய்விட்டன. ஆகவே கடைசி ஆறேழு வருஷம் பார்டரில் மூட்டையை அவிழ்க்கச் சொல்ல ஆளில்லை. எல்லை காகிதத்தில் மட்டும்.

தபால் என்றதும் கை தானாக எழுதுகிறது. திருவிதாங்கூருக்குத் தனித் தபால் உண்டு, பெயர் 'அஞ்சல்'. பொறுப்பு மத்திய அரசுக்குப் போனபிறகும், 1951-ல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 'தபால் நிலையம்' என்ற பலகையை மாற்றி 'அஞ்சல் நிலையம்' என்று எழுதினார்கள், தூய தமிழாம். என் ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, 'மறுபடியும் ராஜா வந்துட்டாரா?' என்றாள்.

13 ஜூன்

'அப்படியானால் செங்கோட்டைக்காரர்கள் மலையாளிகளா?' இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

தமிழர்கள். ஊர் தமிழ் ஊர், ஆட்சி திருவனந்தபுரத்தில். அதனால்தான் பிரச்சினையே வந்தது. தெற்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, இங்கே செங்கோட்டை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி தலைவர். 1954 தேர்தலில் திரு-கொச்சி சட்டசபையில் அந்தக் கட்சிக்கு 12 இடம். அதே வருஷம் ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. பட்டம் தாணுப்பிள்ளை முதல்வராக இருந்த நேரம். பிறகு மாநிலச் சீரமைப்பு ஆணையம், 1956 சட்டம்.

தெற்கே உள்ள நாலு தாலுகாவும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை மட்டும் அவற்றோடு ஒட்டாமல் வடக்கே தனியாகக் கிடந்ததால் திருநெல்வேலி மாவட்டத்தில் விழுந்தது. 2019-லிருந்து தென்காசி மாவட்டம். குமரியில் நவம்பர் 1 என்றால் சிலைக்கு மாலை, கூட்டம், விடுமுறை எல்லாம் உண்டு. எங்கள் பக்கம் அன்றைக்கு மழை பெய்தால் 'ஐப்பசி அடைமழை' என்பார்கள், வேறு பேச்சு இல்லை. போராட்டத்தில் நாமும் இருந்தோம், வரலாற்றில் அவர்கள் பெயர் போட்டுக்கொண்டார்கள் என்று செங்கோட்டைப் பெரியவர்கள் சிலருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் குண்டடி பட்டது அங்கேதான், அதையும் சொல்ல வேண்டும்.

15 ஜூன்

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பார்டர் என்றதும் எல்லாரும் பரோட்டாவும் புகையிலையும் பேசுகிறோம். அந்தக் கோடு வேறொன்றையும் தீர்மானித்தது. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் 1112 துலாம் 27. அரசு நிர்வாகத்தில் இருந்த கோயில்களுக்குள் எந்த இந்துவும் சாதி பார்க்காமல் போகலாம். சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டம் வந்தது 1939-ல். இடையில் கிட்டத்தட்ட மூன்று வருஷம்.

அதாவது 1937-ல் ஒருவர் காலையில் செங்கோட்டைக் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிடலாம். கும்பிட்டுவிட்டுக் கிழக்கே நடந்து பிரானூர் தாண்டினால், தென்காசிக் கோயில் வாசலில் அதே ஆளை நிறுத்துவார்கள். அதே சாமி, அதே ஆள். நடுவில் மில்லும் இல்லை, பரோட்டாக் கடையும் இல்லை, வெறும் வயல்.

அப்பாவின் மில்லில் மரம் தூக்குகிறவர்களில் வயதானவர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா முதல்முதலாகச் செங்கோட்டைக் கோயிலுக்குள் போனவர், சந்நிதிக்கு எதிரே நின்று என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டாராம். கும்பிடுவதற்கு மறந்துபோச்சு என்றாராம். அந்தப் பெரியவர் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், பத்து வயது.

15 ஜூன், இரவு

ஆச்சி கல்யாணம் அதே 1112-ஆம் ஆண்டு தை மாதம். ஆச்சியிடம் பிரகடனத்தைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்பாள். வண்டி மாடு மிரண்டது மட்டும் ஞாபகம். அவள் அக்ரகாரத்துக்காரியும் இல்லை, வெளியே நிறுத்தப்பட்டவளும் இல்லை, நடுவில் இருந்தவள். நடுவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஞாபகத்தில் நிற்பதில்லை போல.

17 ஜூன்

இன்றைக்கு பக்ரீத். பார்டரில் பாதிக் கடை அடைப்பு. வெளியூர்க் கார்கள் வந்து வந்து திரும்புகின்றன. மிச்சமிருந்த ஒரு கடையில் திருவிழாக் கூட்டம்.

இன்னொரு கணக்கில் இன்றைக்கு வாஞ்சிநாதன் நாள். 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன், கலெக்டர் ஆஷ். எல்லாரும் படித்ததுதான். ஆனால் செங்கோட்டை என்று படிக்கும்போது யாரும் எல்லையைக் கவனிப்பதில்லை. வாஞ்சி திருவிதாங்கூர்ப் பிரஜை. வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். அவர் ஊரில் வரி வாங்குவது ராஜா, வெள்ளைக்கார கலெக்டர் இல்லை. ஆஷின் ஆட்சி பார்டருக்குக் கிழக்கேதான். என் பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, 'அப்போ அவரு வெளிநாட்டுக்காரரா?' என்றார். அப்படியும் இல்லை. ஒரு மண்ணை யார் ஆள்கிறார்கள் என்பது வேறு, அது யாருடையது என்று ஒருவர் நினைப்பது வேறு. இதற்குமேல் பேசினால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

செங்கோட்டைக்குச் சொல்லிக்கொள்ள வேறு ஆட்களும் உண்டு. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா, அந்த 'எஸ்' செங்கோட்டை. 1906-ல் பிறந்து 1933-லேயே போய்விட்டார். அதற்கும் வெகுமுன்னால் ஆவுடையக்காள். அத்வைதத்தை வீட்டுப் பெண்கள் பாடுகிற மெட்டில் பாட்டாக்கியவர். எழுத்தில் வருவதற்கு முன்னால் பெண்கள் வாயிலேயே அந்தப் பாட்டுகள் நின்றன.

20 ஜூன்

ரயிலைப் பற்றி எழுதாமல் செங்கோட்டையை எழுத முடியாது.

1904-ல் ரயில் வந்தது. மலையைக் குடைந்து, பதிமூணு கண் பாலம் கட்டி, கொல்லம் வரை. இதில் யாரும் சொல்லாத ஒரு சமாச்சாரம்: அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்குமேல் கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்துக்கு ஒரே ரயில் வாசல் செங்கோட்டைதான். 1918-ல் திருவனந்தபுரத்துக்கு ரயில் போனது, கொல்லத்திலிருந்துதான். எர்ணாகுளத்திலிருந்து கொல்லத்துக்குப் பாதை முடிந்தது 1958 ஜனவரியில். அதுவரை திருவனந்தபுரத்தில் ரயிலேறி சென்னைக்கோ வடக்கே வேறெங்குமோ போகிற யாராக இருந்தாலும் எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் இட்லி சாப்பிட்டுத்தான் போக வேண்டும். அந்த வாசலைத்தான் 1956-ல் தமிழகத்தோடு சேர்த்தார்கள். சுமார் பதினான்கு மாதம் கேரளாவின் தென்கோடிக்கு வெளியுலக ரயில் வாசல் தமிழ்நாட்டில் இருந்தது என்று அர்த்தம். வேறு யாரும் இதைக் கவனித்தார்களா தெரியவில்லை, எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

மீட்டர்கேஜ் காலத்தில் இரவு வண்டியில் போயிருக்கிறேன். முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் தள்ள ஒரு இன்ஜின். பகவதிபுரம் தாண்டினால் குகை. ஆரியங்காவுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். குகை வருவதற்கு முன் பெரியவர்கள் 'ஜன்னல இழுத்து விடுல' என்பார்கள். இழுக்காவிட்டால் சட்டை கரி. நுழையும்போது தமிழ், வெளியே வரும்போது மலையாளம். மழையும் அப்படியே. இந்தப் பக்கம் சாரல், அந்தப் பக்கம் கொட்டும்.

20 ஜூன், இரவு

அந்த ரயிலில் கடத்தல் அரிசி. அதை விட்டுவிட்டேன். மடியில், பாவாடைக்குள், துணிப்பையில் என்று அரிசி கட்டிக்கொண்டு கொல்லம் பாசஞ்சரில் ஏறுகிற பெண்கள். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டி மெதுவாகும் வளைவில் மூட்டையைக் கீழே தள்ளிவிடுவார்கள், ஆள் காத்திருக்கும். என் அத்தை முறையில் ஒருவர் இந்த வேலை பார்த்தார். ஒருநாள் மூட்டையோடு சேர்ந்து ஒரு கை வளையலும் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் 'போலீஸ்' என்று சொன்னால் சிரிப்பார், 'வளையல்' என்று சொன்னால் அழுதுவிடுவார்.

21 ஜூன்

ரயில் தேதியில் திருத்தம். செங்கோட்டைக்கு ரயில் 1904-ல் வரவில்லை, அதற்கு முந்தைய வருஷமே கிழக்கேயிருந்து வந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902, அங்கிருந்து செங்கோட்டைக்கு 1903. 1904-ல் முடிந்தது மலைப்பகுதி, செங்கோட்டை முதல் கொல்லம் வரை. ரயில்வேயில் இருந்த நண்பர் ஒருவர் சொல்லித் திருத்தினேன். 'தபால்காரன் ரயில் எழுதினா இப்படித்தான்' என்றார். ஏற்றுக்கொள்கிறேன்.

2010-ல் அகலப்பாதை வேலைக்காக மலைப்பாதையை மூடினார்கள். திறந்தது 2018-ல். எட்டு வருஷம். அந்த எட்டு வருஷம்தான் பார்டரில் பஸ்ஸும் வேனும் பெருகிய வருஷங்கள் என்பது என் கணிப்பு. ரயில் வந்தபிறகும் அவை குறையவில்லை.

28 ஜூன்

'பரோட்டா எப்போது வந்தது' என்று மூன்று பேர் விடாமல் கேட்கிறார்கள். தேதி சொல்ல மாட்டேன். யார் முதல் கடை என்பதில் ஊருக்குள்ளேயே அடிதடி வரும். ஏன் வந்தது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

மரம். பார்டரில் நான் பார்த்து வளர்ந்தது மரத்தூள் வாசனை. தேக்கு, வேங்கை, அயினி, கோங்கு, பலா. மலையிலிருந்து லாரியில் இறங்குகிற மரத்துக்கு முதல் சமதளம் இதுதான். சாலையும் நேராகக் கொல்லத்திலிருந்து தென்காசி, ராஜபாளையம் வழி திருமங்கலம் போகிறது. அறுவை மில்கள் வரிசையாக வந்தன. வாங்க வருகிறவர்கள் மதுரை, ராஜபாளையம், விருதுநகர்ப் பக்கம். விற்க வருகிறவர்கள் மலையாளப் பக்கம். அப்பாவுக்கு இரண்டு கணக்கும் தெரிய வேண்டும். மலையாளப் பக்கத்தார் கோல், கண்டி என்று பழைய மர அளவு பேசுவார்கள், மதுரைப் பக்கத்தார் கன அடி பேசுவார்கள். மாற்றிச் சொல்வதில்தான் லாபம் இருந்தது என்று அப்பா சொல்வார். லாபம் முதலாளிக்கு, அவருக்குச் சம்பளம்.

லாரி வந்தால் டிரைவர், கிளீனர், லோடு ஏற்றுகிறவர்கள். எல்லாருக்கும் ராத்திரி பத்து மணிக்குப் பசிக்கும். பத்து மணிக்குத் திறந்திருக்கிற கடையில் என்ன இருக்கும்? பரோட்டா. சின்னதாக, மெத்தென்று, இலையில் பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னா. கூட நாட்டுக்கோழி, காடை. குற்றாலத்துக்கு வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தது பிறகு. லாரிக்காரர்கள் சாப்பிட்ட இடத்தில் இன்றைக்கு ஏசி அறை இருக்கிறது. மரம் இப்போது பெரும்பாலும் மலையிலிருந்து வருவதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு மரம் கிழக்கேயிருந்து வருகிறது. மேற்கிலிருந்து மரம் வந்ததால் உண்டான ஊர் இன்றைக்குக் கிழக்கிலிருந்து வரும் மரத்தில் ஓடுகிறது.

பார்டரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றால்: மில்காரர்கள், ராவுத்தர் குடும்பங்கள், டயர் கடை, பட்டறை, லாட்ஜ், வடநாட்டிலிருந்து வந்து மரம் தூக்குகிற பையன்கள், பரோட்டா வீசுகிற மாஸ்டர்கள். 'பூர்வீகம் பார்டர்' என்று சொல்கிறவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாரும் எங்கேயோ இருந்து வந்து ஒரு எல்லையில் நின்றவர்கள்.

29 ஜூன்

'ஒருவரையும் பார்த்ததில்லை' என்றது கொஞ்சம் ஓவர். பிரானூர் ஊருக்குள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் 'பிரானூர்' என்பார்கள். மெயின்ரோட்டில் இருப்பவர்கள் 'பார்டர்' என்பார்கள். இரண்டும் ஒரே ஊர்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உள்ளூரில் கேட்டுப் பாருங்கள்.

3 ஜூலை

கோட்டின் அந்தப் பக்கம் நின்றுபோனவர்களைப் பற்றி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

ஆரியங்காவு, தென்மலை, புனலூர் தோட்டங்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அதில் ஒரு பகுதி இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர்களுக்காகப் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டமே போட்டார்கள், 1976-ல் அது அரசு நிறுவனம் ஆனது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா பேசிய தமிழைக் கேட்டு எந்த ஊர் என்று கேட்டேன். 'எதைச் சொல்ல?' என்றார். கண்டி, புனலூர், தாத்தா ஊர் என்று மூன்று இருந்தது அவருக்கு. எனக்கு 'பார்டர்' என்று ஒன்றுதான், அதுவும் தப்பான இடத்தில்.

7 ஜூலை

சாரல் ஆரம்பம். மூன்று நாளாக வெயில் இல்லை. துணி காயவில்லை. எல்லையைப் பற்றிச் சொல்ல இன்றைக்கு ஒன்றும் இல்லை.

19 ஜூலை

பழைய பத்திரம். ஆச்சி வழிச் சொத்து, செங்கோட்டையில் கால் ஏக்கருக்கும் குறைவான ஒரு துண்டு நிலம். பத்திரத்தில் கொல்லம் ஆண்டு, மகர மாதம், முத்திரைத்தாளில் சங்கு, உள்ளே 'தண்டப்பேர்', 'பகுதி' என்று நம் பக்கம் புழங்காத சொற்கள். இதை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று வேண்டாம். அங்கே இருந்த தம்பி பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சார், இது 1112-ல எழுதினதுன்னு போட்டிருக்கு. சோழர் காலமா?' என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். 824-ஐக் கூட்டுங்க தம்பி, 1936 வரும், தை மாசம்னா அடுத்த வருஷம், 1937 என்றேன். 'ஏன் கூட்டணும்?' என்றார். அதற்கு அந்த கவுண்டரில் நின்று பதில் சொல்ல முடியாது. பின்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள்.

நிலம் இன்னும் பெயர் மாறவில்லை.

15 ஆகஸ்ட்

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் ஊருக்குப் பிரதமர் வருவார். 'செங்கோட்டையில் பிரதமர் கொடியேற்றினார்' என்று ரேடியோவில் சொல்லும்போது ஐந்தாம் வகுப்பு வரை நான் அப்படித்தான் நினைத்தேன். என் தம்பி ஒருபடி மேலே போய் சைக்கிளில் பார்த்துவிட்டு வரக் கிளம்பினான். வளைவு வரைக்கும் போய்விட்டு வந்து, 'கொடி இருக்கு, அவரு போயிட்டாரு' என்றான்.

சீசன் கூட்டத்தில் இப்போது பாதி கேரளா வண்டி. சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துவிட்டால் போட்டோ எடுக்க வருகிறார்கள், திரும்பும்போது பார்டரில் சாப்பாடு. கடைப் பலகைகளில் மலையாளம் ஏறிவிட்டது. 1956-க்கு அப்புறம் இங்கே மலையாள எழுத்து இவ்வளவு இருந்ததில்லை என்று சித்தப்பா சொல்கிறார். அப்போது அரசு எழுதியது, இப்போது பரோட்டாக் கடைக்காரர் எழுதுகிறார்.

16 டிசம்பர்

நாலு மாசம் கழித்து வருகிறேன். இழையை யாரும் மூடவில்லை.

மார்கழி ஒன்று. அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து வந்தது. புனலூர் கேரளா, அச்சன்கோவில் கேரளா. ஆனால் பெட்டி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வந்து, காசிவிஸ்வநாதர் கோயிலில் மரியாதை வாங்கிக்கொண்டு, அப்புறம் மேக்கரை வழியாக மறுபடி கேரளாவுக்குள் போகிறது. கேரளப் போலீஸ் ஒரு வண்டி, தமிழ்நாட்டுப் போலீஸ் ஒரு வண்டி, நடுவில் சாமி நகை. வழியெல்லாம் பெண்கள் ரோட்டில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள்.

கூட்டத்தில் சித்தப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். பெட்டி பார்டரைத் தாண்டும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, 'சவுக்கைல இத அவுத்துப் பாத்திருப்பானா?' என்றார்.

17 டிசம்பர்

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, குடும்பத்தோடு பொங்கலுக்கு வருவதாகவும் பஸ்ஸில் எப்படி வருவது என்றும் கேட்டிருக்கிறார். தென்காசிப் பழைய பஸ் ஸ்டாண்டில் செங்கோட்டை டவுன் பஸ் ஏறுங்கள். 'பிரானூர்' என்று கேட்காதீர்கள், கண்டக்டர் 'உள்ளயா, ரோட்டுலயா' என்று திருப்பிக் கேட்பார். 'பார்டர், நாலு டிக்கெட்' என்றால் போதும்.